நாலு கட்டிலும் ஏழாம் விதியும்

விதி ஏழு: "ஓய்வு அவசியம் என்று வைத்திய உதவியாளர் எழுத்தில் சான்று கொடுத்தால், தோட்டத்தில் பதிவான எந்தக் கர்ப்பிணியையும், எத்தனையாவது மாதம் என்று பாராமல், துரையின் அனுமதியுடன் பிரசவ அறையில் சேர்த்துக் கட்டிலில் வைத்துப் பராமரிக்கலாம்."

எங்கள் தோட்டத்துப் பிரசவ அறையின் சுவரில் இது கண்ணாடிச் சட்டத்துக்குள் ஆங்கிலத்தில் தொங்கியது. தமிழில் எழுதியிருப்பது நான். மொத்தம் பதினொரு விதிகள். மற்றப் பத்தில் பெரும்பாலானவை வெந்நீர், துடைப்பம், வெற்றிலை எச்சில், பார்க்க வருகிறவர்கள் எந்த வாசலால் வரவேண்டும் என்பவை பற்றியவை. அங்கே பிள்ளை பெற்ற பெண்களில் ஒருத்திக்கும் ஆங்கிலம் தெரியாது. தெரிந்த எனக்கு அங்கே பெறுவதற்கு எதுவும் இல்லை. ஆகவே அந்தச் சட்டத்தை யாரும் படித்ததாக எனக்கு நினைவில்லை.

நாற்பது வருடங்கள் தோட்டத்து ஆபீஸ்களில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். எந்த விண்ணப்பத்துக்கு எத்தனை பிரதி, யாருடைய கையெழுத்துக்குக் கீழே யாருடைய கையெழுத்து வரவேண்டும் என்பதெல்லாம் இன்றைக்கும் தலைகீழாகச் சொல்வேன். பிரஜாவுரிமைக்கு தொழிலாளர் குடியிருந்த ஐந்து லயத்துச் சனங்களுக்கும் மனு எழுதிக் கொடுத்தவன். அவற்றில் பெரும்பாலானவை நிராகரிக்கப்பட்டன என்பது உண்மை. ஆனால் படிவத்தில் பிழை என்று ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. அந்த வித்தியாசம் எனக்கு அப்போது பெரிதாகத் தெரிந்தது.

ஐம்பத்து நாலாம் வருடம். தோட்டம் பூண்டுலோயாவுக்கு மேலே, பஸ்ஸை விட்டு இறங்கி மூன்று மைல் ஏறவேண்டும். எனக்கு இருபத்து மூன்று வயது, ஆபீசில் இரண்டாம் கிளாக்கர். எனக்கு முன்னால் லயத்தில் பிறந்தவன் எவனும் அந்த ஆபீசுக்குள் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்று பேசுவதுதான் வழக்கம். என் அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். அப்பா மலையில் சறுக்கி விழுந்து செத்தபோது அவளுக்குப் பதின்மூன்று, எனக்கு ஐந்து. அவள் கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்தெடுக்கப் போனாள். நான் வளர்ந்து ஹட்டனில் படிக்கப் போனேன். கல்யாண வீடுகளில் சனங்கள் இதைச் சொல்லிச் சொல்லி என்னைத் தலைகுனிய வைப்பார்கள். சொன்னதில் பிழை எதுவும் இல்லாததால் பதில் சொல்லவும் முடியாது.

அக்காவுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம். முதல் கர்ப்பம் ஏழு மாதத்தில் கலைந்தது. இரண்டாவது, பிறந்த அன்றைக்கே போயிற்று. இரண்டு தடவையும் கால் வீங்கியது, முகம் வீங்கியது, தலைவலி வந்தது. இரண்டு தடவையும் லயத்தில், "நீர் கோத்துக்கிச்சு, ஆம்பளப் புள்ளதான்" என்று சொன்னார்கள். மூன்றாவது தடவை, ஆறாம் மாதத்தில், மறுபடி கால் வீங்கத் தொடங்கியதும் நான் அவளைத் தோட்டத்து மருந்துச்சாலைக்குக் கூட்டிப் போனேன்.

மருந்துச்சாலையில் இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். சட்டப்படி வைத்திய உதவியாளர். நாங்கள் எல்லோரும் டொக்டரையா என்போம். பிரஷர் பார்க்கும் கருவியைத் தோட்டம் கொடுக்கவில்லை என்று தன் கைப்பணத்தில் வாங்கி, ஒரு மரப்பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். அக்காவின் கையில் துணியைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். பிறகு அவளுடைய சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சினார். அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார்.

"தம்பி, இஞ்ச வாரும். இது கொதிச்சாலும் தெளிவா இருக்கவேணும். இப்ப பாரும்."

குழாய்க்குள் முட்டையின் வெள்ளைக்கரு போல ஏதோ திரண்டு நின்றது.

"பிரஷர் நல்லாக் கூடிக் கிடக்குது. முந்தின ரெண்டு பிள்ளையும் போனதுக்கு இதுதான் காரணமா இருக்கும். இனிப் பிள்ளை பிறக்குமட்டும் கட்டிலை விட்டு இறங்கப்படாது. உப்பும் கூடாது."

"மருந்து?"

"கட்டில்தான் மருந்து. நித்திரைக்குக் குளிசை தாறன். அதுக்கு மேல இப்போதைக்கு ஒருத்தரிட்டையும் ஒண்டும் இல்லை."

மறுநாள் டவுன் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போனேன். அங்கேயும் அதையேதான் சொன்னார்கள். வார்டில் கட்டிலுக்கு ஒருத்தியும், கட்டில்களுக்கு இடையில் பாயில் ஒருத்தியுமாகப் படுத்திருந்தார்கள். பெரிய டொக்டர் துண்டுச்சீட்டில் 'பூரண படுக்கை ஓய்வு' என்று ஆங்கிலத்தில் எழுதி, "உங்கள் தோட்டத்தில் பிரசவ அறை இருக்கிறதுதானே, அங்கே வைத்திருங்கள். மோசமானால் கொண்டு வாருங்கள்" என்றார். நியாயமான பேச்சு. எங்கள் தோட்டத்தில் பிரசவ அறை இருந்தது. நாலு இரும்புக் கட்டில், தும்பு மெத்தை, வெள்ளை விரிப்பு. வருடத்தில் பாதி நாள் நாலும் காலி. லயத்திலிருந்து தூரம், அடுப்புப் பார்க்க ஆளில்லை என்று பெண்கள் தங்கள் ஒற்றையறைக் காம்பிராவிலேயே பெற்றுக்கொள்வார்கள். அறையைப் பூட்டி டொக்டரையா சாவியை வைத்திருந்தார்.

வேலைக்குப் போகாமல் இருக்க அக்காவுக்கு அனுமதி ஒரே நாளில் கிடைத்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கூப்பிடவேண்டாம் என்று சீட்டு வந்தாயிற்று. படுக்கத்தான் இடம் வேண்டும். நான் சுவரில் இருந்த சட்டத்தைப் போய்ப் படித்தேன். ஏழாம் விதியைக் கண்டதும் எனக்கு வந்த மகிழ்ச்சி ஒரு கிளாக்கருக்கு மட்டுமே வரக்கூடியது. டொக்டரையா அன்றைக்கே சான்று எழுதிக் கொடுத்தார். நான் அனுமதிக் கடிதத்தை மூன்று பிரதியில் டைப் அடித்து, துரையின் மேசைக்குக் கொண்டுபோனேன்.

பெரிய துரை அப்போது ஆறு மாத லீவில் சீமைக்குப் போயிருந்தார். அவருடைய இடத்தில் வேறொரு தோட்டத்திலிருந்து வந்த வெள்ளைக்காரப் பையன் ஒருவர் பதில் வேலை பார்த்தார். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். நல்ல மாதிரி. கோபம் வந்தால் காது சிவக்கும், வாய் திறக்காது. அவர் சான்றைப் படித்தார், கடிதத்தைப் படித்தார், பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"கையெழுத்து இங்கேதானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

இந்த இடத்தில் நான் "ஆமாம் சேர்" என்று சொல்லியிருக்கவேண்டும். இரண்டு சொல்.

நான் சொன்னது வேறு. விதியில் 'துரை' என்று இருக்கிறது, நீங்கள் பதில் துரை. பெரிய துரை உங்களிடம் ஒப்படைத்துப் போன கடிதத்தில் வேலையிலிருந்து ஆள் நிறுத்தல், தேயிலை அனுப்புதல், ஆள் சேர்த்தல் எல்லாம் ஒவ்வொன்றாக இருக்கிறது, பிரசவ அறை இல்லை. ஆகவே ஏழாம் விதியின் கீழ் உங்களுக்கு அதிகாரம் உண்டா என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது, சேர்.

ஏன் சொன்னேன் என்று கேட்டால், அதற்கும் என்னிடம் பதில் இருக்கிறது. படுக்கப்போகிறவள் என் அக்கா. 'லயத்துப் பொடியன் நாற்காலியில் உட்கார்ந்ததும் அக்காவுக்குக் கட்டில் போட்டுக்கொண்டான்' என்று பெரிய கிளாக்கரும், மலையில் வேலை வாங்கும் கண்டாக்கு ஐயாவும் சொல்லக் காத்திருந்தார்கள், அல்லது காத்திருப்பதாக நான் நினைத்தேன். பெரிய துரை திரும்பி வந்து, இது யார் கொடுத்த அனுமதி என்று ஒரு கேள்வி கேட்டால் அக்காவைக் கட்டிலிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்றும் பயந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்தோ டவுனிலிருந்தோ வந்த ஒரு கிளாக்கருக்கு இந்தப் பயம் இருந்திருக்காது. அவன் கையெழுத்தை வாங்கிக்கொண்டு போயிருப்பான். எனக்கோ தாளில் ஓர் ஓட்டைகூட இருக்கக்கூடாது. ஓட்டை இல்லாத தாள் எதையும் சாதிக்கும் என்று லயத்திலிருந்து படித்து வந்தவன்தான் நம்புவான்.

பதில் துரை பேனாவை மூடினார்.

"சரியாகச் சொன்னாய். கொழும்புக்கு எழுதிக் கேட்போம்" என்றார். "நீ கவனமான ஆள்."

கொழும்பு என்றால் தோட்டத்தை நடத்திய ஏஜென்சி. அன்று பகல் தபாலிலேயே கடிதம் போயிற்று. வாசகம் என்னுடையது. அதில் ஒரு காற்புள்ளிகூட இடம் மாறவில்லை. அன்று மத்தியானம் நான் சந்தோஷமாகச் சாப்பிட்டேன் என்பதையும் எழுதிவைக்கிறேன்.

பதில் வரும்வரை அக்கா காம்பிராவில் படுத்திருக்கட்டும் என்று ஏற்பாடு. நான் இருந்ததோ இன்னொரு கல்யாணமாகாத கிளாக்கரோடு பங்கிட்ட அறை; அங்கே அவளைக் கொண்டுவர முடியாது. டவுனில் ஒரு மடக்குக் கட்டில் வாங்கி, தலையில் சுமந்து, லயத்துக்குக் கொண்டுபோனேன். லயத்துக் காம்பிரா என்பது பத்தடிக்குப் பன்னிரண்டு அடி. அதற்குள் அக்கா, தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்த அவள் புருஷன், அவனுடைய தாய், அடுப்பு, விறகு, சட்டி பானை. கட்டிலை விரித்தால் கதவு பாதிதான் திறந்தது. அது பரவாயில்லை. ஆனால் கட்டிலை மடக்கினால்தான் அடுப்புக்கு முன்னால் ஒருவர் குந்த முடியும். காலையில் ரொட்டி சுட, மத்தியானம் சோறு வடிக்க, பொழுது சாய்ந்து மறுபடி. மூன்று வேளையும் அக்கா எழுந்து, தன் கையாலேயே கட்டிலை மடக்கிச் சுவரில் சாத்திவிட்டு, வாசல் இஸ்தோப்பில் குளிரில் உட்கார்ந்திருப்பாள். சமையல் முடிந்ததும் புகைக்குள்ளே மறுபடி விரிப்பாள். பூரண படுக்கை ஓய்வு என்று டொக்டர் எழுதியது இப்படி நடந்தது.

மாமியார்க்காரி கெட்டவள் அல்ல. ஏழு பெற்றவள்.

"படுத்துக்கிட்டே புள்ள பெக்கலாம்னா நாங்கள்லாம் என்னாத்துக்கு மல ஏறுனோம்?" என்று என்னிடம் கேட்டாள். "நடக்கணும் தம்பி. படுத்தே கெடந்தா புள்ள ஒட்டிக்கிரும். அப்பறம் எறங்காது."

"டொக்டரையா சொல்லியிருக்காரு."

"அவரு எத்தன பெத்தாரு?"

உப்பில்லாமல் இரண்டு நாள் சமைத்தாள். மூன்றாம் நாள் அக்காவின் தட்டில் கருவாடு இருந்தது. "உப்பு இல்லாமத் தின்னா ஒடம்புல என்ன ஒட்டும்? மாட்டுக்கே உப்பு வைக்கிறோம்" என்றாள்.

பக்கத்துக் காம்பிராப் பெண்கள் வேலை விட்டு வரும்போது கதவிடுக்கால் எட்டிப் பார்ப்பார்கள்.

"என்னக்கா, தொரைச்சாணி மாதிரி கட்டில்ல? தேத்தண்ணி கொண்டாரவா, பிஸ்கோத்தும் வேணுமா?"

அக்காவும் முதலில் சிரித்துக்கொண்டு, "பிஸ்கோத்து நேத்துத்தது வேணாம், புதுசாக் கொண்டாடி" என்பாள். ஒரு வாரத்துக்குப் பிறகு சிரிப்பு நின்றது.

"பகல்ல படுத்திருக்க ஒரு மாதிரியா இருக்குடா தம்பி" என்றாள் என்னிடம். "லயத்துல பகல்ல படுக்கிறது குடிகாரனும் பொணமுந்தான். அந்தக் கிழவி பீலிக்குப் போய்த் தண்ணி தூக்குது. நான் பாத்துக்கிட்டே கெடக்கணுமா?"

"கொஞ்ச நாள்தான் அக்கா. கொழும்பிலிருந்து பதில் வந்ததும் அங்கே போயிரலாம். அங்கே தண்ணி தூக்க வேண்டாம்."

"எப்ப வரும்?"

"எழுதியிருக்கோம்."

"நீ எழுதினா வந்துரும்" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. நான் எழுதியது எதுவும் வீண்போகாது என்று நம்பிய ஒரே ஆள் அவள்தான்.

பத்தாம் நாள் ஏஜென்சியிலிருந்து ஒரு வரி வந்தது: கடிதம் கிடைத்தது, கவனிக்கப்படுகிறது. அது பதில் அல்ல, பதில் வரும் என்பதற்கான ரசீது. நினைவூட்டல் கடிதம் அனுப்புவதற்கு முறைப்படி பதினாலு நாள் இடைவெளி விடவேண்டும். நான் பதினாலு நாள் விட்டேன். பதின்மூன்றாம் நாள் அனுப்பியிருந்தாலும் உலகம் இடிந்துவிழுந்திருக்காது என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. நினைவூட்டலுக்கு வந்த பதிலில், இந்தக் கேள்வி வேறு தோட்டங்களுக்கும் பொருந்தக்கூடியதால் லண்டனிலுள்ள முதலாளிகளின் கருத்தைக் கேட்டிருக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். அக்கா ஒருத்தி படுப்பதற்காக எழுதிய கடிதத்தை, எல்லாத் தோட்டத்துக்கும் பொருந்தும் கேள்வியாக மாற்றியது என்னுடைய வாசகத் திறமைதான்.

டிசம்பரில் நான் பதில் துரையிடம் போய், இப்போதைக்கு நீங்களே கையெழுத்துப் போட்டுவிட்டால் என்ன என்று கேட்டேன். அவர் காது சிவந்தது.

"கேட்பதற்கு முன்னால் போட்டிருக்கலாம்" என்றார். "கேட்டுவிட்டு, அவர்கள் சொல்வதற்கு முன்னால் போட்டால் எப்படி இருக்கும்?"

எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியும். அவர் சொன்னது முறைப்படி சரி.

புதன்கிழமைகளில் டொக்டரையா தன் மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கு வருவார். புகைக்குள்ளே குனிந்து அக்காவின் கையில் காற்றடிப்பார். ஒவ்வொரு புதனும் எண் கொஞ்சம் மேலே போயிற்று. கிறிஸ்துமஸுக்கு முந்தின புதன்கிழமை, திரும்பிப் போகிற வழியில், தேயிலைக்கு நடுவே என்னை நிறுத்தினார்.

"தம்பி, நான் ஒரு வேலை செய்யிறன். மூண்டாம் விதி தெரியும்தானே?"

தெரியும். பிரசவ வலி கண்ட பெண்ணை யாரையும் கேளாமல் உடனே சேர்த்துக்கொள்ளலாம் என்பது மூன்றாம் விதி.

"உம்மட அக்காவுக்கு வலி கண்டிட்டுது எண்டு புத்தகத்தில எழுதிப்போட்டு இண்டைக்கே எடுக்கிறன். நாளைக்கு வலி நிண்டிட்டுது எண்டு எழுதுவம். நாளையிண்டைக்குத் திரும்பவும் வரும். பொம்பிளையளுக்கு அப்பிடி வாறதுதானே, ஆர் வந்து பாக்கப்போயினம்?"

"மாசக் கடைசியிலே அந்தப் புத்தகத்தை ஆபீசிலே நான்தானே ஐயா சரிபார்த்துக் கையெழுத்து வைக்கணும்."

"அதாலதான் உம்மட்டைச் சொல்லுறன்."

"பொய்ப் பதிவு ஐயா. என்னுடைய அக்கா. கண்டுபிடிச்சா உங்களுக்கும் வேலை போயிரும், எனக்கும் போயிரும்."

"எனக்குப் போற வேலையைப் பற்றி நான் யோசிக்கிறன்" என்றார். "நீர் உம்மட வேலையைப் பற்றி யோசியும். பிறகு அக்காவைப் பற்றியும் யோசியும். ரெண்டையும் ஒருக்கா நிறுத்துப் பாரும்."

"லண்டனிலேயிருந்து பதில் வந்துரும் ஐயா. வருஷம் பிறந்ததும் வரும்."

அவர் பெட்டியைக் கைமாற்றிக்கொண்டு நடந்தார். எனக்கு அன்றைக்கு அவர் மேல் கொஞ்சம் இளக்காரமும் இருந்தது: விதிகளுக்குள்ளேயே வழி இருக்கும்போது இந்த மனிதர் ஏன் குறுக்கு வழி தேடுகிறார் என்று. அவர் ஓய்வு பெற்றுப் போகும்வரை அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவே இல்லை. எடுத்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

தைப் பொங்கல் முடிந்து நாலாவது நாள். காலை பத்து மணி இருக்கும். ஆபீசில் தபால் பையை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். கொழும்பு முத்திரை போட்ட உறைகள் மூன்று இருந்தன. மூன்றையும் முதலில் உடைத்தேன். ஒன்று உரம் பற்றியது, ஒன்று கூரைத் தகரம் பற்றியது, மூன்றாவது பெரிய துரையின் பெயருக்கு வந்த கிளப் அழைப்பு. அவற்றில் தேதி முத்திரை குத்திக்கொண்டிருக்கும்போது மச்சான், அதாவது அக்கா புருஷன், தொழிற்சாலை உடுப்போடு ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றான். உடம்பெல்லாம் தேயிலைத் தூள்.

"மாப்ள, வா" என்றான். "அவளுக்கு இழுக்குது."

நடந்ததைப் பிறகு மாமியார்க்காரி சொன்னாள். காலையிலிருந்தே அக்காவுக்குத் தலை பிளந்தது. கண்ணுக்கு முன்னால் மின்மினி பறக்குது என்றாளாம். கண்ணேறுதான் என்று கிழவி மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாள். அடுப்பை மூட்டுவதற்காக வழக்கம்போலக் கட்டிலை மடக்கவேண்டியிருந்தது. அக்கா எழுந்து மடக்கினாள். மடக்கிய கட்டிலைச் சுவரில் சாத்தும்போதே விழுந்தாள். கை கால் வெட்டி இழுத்தது, வாயில் நுரை. முனி அடித்துவிட்டது என்று யாரோ சொல்ல, யாரோ வேப்பிலைக்கு ஓடினார்கள்.

நான் போனபோது நாலு பேர் அவளை ஒரு கம்பளியில் போட்டு, நாலு முனையையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கிக்கொண்டிருந்தார்கள். முகம் யாரோ ஒருத்தியின் முகம்போல ஊதிக் கிடந்தது. நாக்கைக் கடித்திருந்தாள். டொக்டரையா பிரசவ அறையை ஏற்கெனவே திறந்து வைத்திருந்தார். முதலாம் நம்பர் கட்டிலில் கிடத்தினார்கள். யாரும் யாருடைய அனுமதியையும் கேட்கவில்லை. வெள்ளை விரிப்பு. அவ்வளவு அகலமான கட்டிலில் அவள் படுத்ததே அன்றைக்குத்தான், தெரியாமலே படுத்தாள். டொக்டரையா ஊசி போட்டார். பற்களுக்கு நடுவே துணி சுற்றிய கரண்டியை வைத்தார். மறுபடி இழுத்தது. "இஞ்ச வைச்சிருக்கேலாது. லொறியைக் கூப்பிடும்" என்றார்.

தேயிலை ஏற்ற நின்ற லொறியில் மெத்தையோடு அவளை ஏற்றினோம். டவுன் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரைக்கும் வழியில் இரண்டு தடவை இழுத்தது. மச்சான் அவளுடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கால்மாட்டில் உட்கார்ந்திருந்த நான், ஒவ்வொரு வளைவிலும் அவள் காலைப் பிடித்துக்கொண்டேன். விரல் வைத்த இடத்தில் குழி விழுந்து, நெடுநேரம் நிரம்பாமல் நின்றது.

மறுநாள் மத்தியானம் குழந்தை பிறந்தது. பெண். உயிரில்லை. நல்ல நிறை, முழு உருவம், தலை நிறைய முடி. நர்ஸ் ஒரு துணியில் சுற்றி மச்சானின் கையில் கொடுத்தார். அக்காவுக்கு நினைவு திரும்ப இரண்டு நாள் ஆயிற்று. திரும்பியும் ஒரு வாரம் கண் சரியாகத் தெரியவில்லை. குரலை வைத்துத்தான் ஆளை அறிந்தாள். பிள்ளை எங்கே என்று அவள் கேட்டபோது நான் அங்கே இல்லை. பதிவுக்காரரின் கந்தோரில் இருந்தேன்.

பிறந்து இறந்தால் இரண்டு பதிவு: பிறப்பு ஒன்று, இறப்பு ஒன்று. இறந்தே பிறந்தால் ஒரே படிவம், அது வேறு. பெயர் எழுத அதில் இடம் கிடையாது. தோட்டத்திலேயே இதைத் தெரிந்தவன் நான்தான். சரியான படிவத்தைக் கேட்டு வாங்கி, பிழையில்லாமல் நிரப்பி, அங்கிருந்த சிங்களக் கிளாக்கரிடம் நீட்டினேன். அவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, இவ்வளவு ஒழுங்காக நிரப்பிய படிவத்தைத் தான் பார்த்ததில்லை என்று சிங்களத்தில் சொன்னார். நன்றி சொன்னேன். வேறென்ன சொல்வது?

அக்கா மூன்று வாரத்துக்குப் பிறகு தோட்டத்துக்குத் திரும்பினாள். இனிப் பிள்ளை வேண்டாம், தாங்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மாமியார்க்காரி அவளுக்குப் பத்தியம் வைத்து, வெந்நீர் ஊற்றி, தன் சொந்த மகளைப்போலப் பார்த்தாள். மடக்குக் கட்டிலை யாரோ விறகு அடுக்கும் மூலையில் போட்டிருந்தார்கள். நான் எடுத்துப்போகவில்லை; அவர்களும் எடுத்துப்போகச் சொல்லவில்லை.

நான் போய் உட்கார்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மச்சான் இஸ்தோப்பில் வெற்றிலை மடித்துக்கொண்டே கேட்டான்.

"ஒங்க காயிதம் வந்துருச்சுங்களா, கிளாக்கரய்யா?"

ஒன்பது வருடமாக என்னை மாப்ள என்று கூப்பிட்டவன். உள்ளேயிருந்து அக்காதான் பேசினாள்.

"அத என்னாத்துக்கு இப்பக் கேக்கிற? தம்பி என்ன செய்யும்? அது எழுதத்தான் செய்யும். மேல உள்ளவங்க தரணும்ல."

பேனா திறந்திருந்ததும், நான் அதை மூடவைத்ததும் அவளுக்குத் தெரியாது. டொக்டரையா தேயிலைக்கு நடுவே கேட்டதும் தெரியாது. அவளிடம் சொல்லவேண்டும் என்று பல தடவை போனேன். போகும்போதெல்லாம் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, "ஆபீசுல வேல ரொம்பவா?" என்று கேட்பாள். ஆமாம் என்பேன். அவள் செத்தபோது எனக்கு ஐம்பத்தாறு வயது. அதுவரைக்கும் ஆமாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாசி மாதக் கடைசியில் அவள் மறுபடி பெரட்டுக்கு வந்தாள். ஆபீஸ் ஜன்னலால் பார்த்தால் பெரட்டுக் களம் தெரியும். கூடையைத் தலையில் மாட்டி, மற்றப் பெண்களோடு வரிசையில் நின்றாள். முன்பு எப்போதும் முன் வரிசையில் நிற்பவள், கடைசியில் போய் நின்றாள். கண்டாக்கு ஐயா பெயர் கூப்பிட்டார். அவள் இருக்கேன் என்றாள்.

ஏஜென்சியின் பதில் அதற்குப் பிறகுதான் வந்தது. தபால் பையை அவிழ்த்தவன் நானே. ஒரு பக்கக் கடிதம், நல்ல தடித்த தாள். ஒப்படைப்புக் கடிதத்தில் வெளிப்படையாக விலக்கப்படாத எல்லா அதிகாரங்களும் பதில் துரைக்கு உண்டு. ஆகவே ஏழாம் விதியின் கீழ் அவரே அனுமதி வழங்கலாம். இது வழமையாகத் தோட்ட மட்டத்திலேயே தீர்மானிக்கப்படும் விடயமாதலால், எங்களுக்கு எழுதியிருக்க அவசியமில்லை என்பதைச் சுட்டிக்காட்டுகிறோம். பதில் துரை படித்தார். காது சிவந்தது. கடிதத்தை என்னிடம் நீட்டி, கோப்பில் போடு என்றார். அக்கா அந்த நேரத்தில் பதினோராம் நம்பர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

வந்த கடிதத்தில் தேதி முத்திரை குத்தவேண்டியது இரண்டாம் கிளாக்கரின் வேலை. வலது பக்க மேல் மூலையில், எழுத்துகள் மேல் படாமல், நேராகக் குத்தினேன்: 1955 மார்ச் 17, வியாழக்கிழமை.